கைக்குத் தெரியாத சரக்கு

1945 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஏறத்தாழ 7,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜப்பானியர் அந்நகரில் சரணடைந்து கையெழுத்திட்டு ஆறு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. ஜப்பானிய நோட்டு செல்லாக்காசாகிவிட்டிருந்தது. அரிசி கள்ளச் சந்தையில்தான் கிடைத்தது. கூலியை உயர்த்த வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னார்கள்: சுதந்திரத்தை அறிவித்துவிட்ட இந்தோனேசியர்களை மறுபடியும் அடக்குவதற்காக ஜாவாவிலுள்ள டச்சுக்காரர்களுக்குப் போகும் ஆயுதக் கப்பல்களில் நாங்கள் சரக்கு ஏற்ற மாட்டோம். பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் தன் படைவீரர்களையும், சரணடைந்திருந்த ஜப்பானியக் கைதிகளையும் கொண்டு வேலையை நடத்திக்கொண்டது. நேற்றுவரை சவுக்கோடு நின்றவனைக் கூட்டிவந்து இன்று தன் மூட்டையைத் தூக்க வைத்ததை அந்தத் தொழிலாளர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் சீனர்களும் இருந்தார்கள், தமிழரும் மலையாளிகளும் இருந்தார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நிலையில் அடுத்த நாட்டுக்காரனுடைய விடுதலையைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் வியந்தார்கள். இதெல்லாம் கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று முடிவு கட்டினார்கள். தூண்டுதல் இருந்தது உண்மைதான். ஆனால், கூலிக் கோரிக்கையும் ஆயுத மறுப்பும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதை அந்த விளக்கம் மட்டும் தீர்த்துவிடாது. தூக்கும் கைக்குத் தான் தூக்குவது என்ன என்று தெரிந்திருந்தது. வெளிநாட்டுப் போர் ஒன்றைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கொள்கை, சித்தாந்தம், தீர்மானம் என்று மேலிருந்தே தொடங்குகிறோம். எனக்கு அது கீழிருந்து, சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து தொடங்குவதாகத்தான் படுகிறது.

நான் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் பக்கத்தில் சரக்கு எண்ணும் டேலி குமாஸ்தா. என் தகப்பனார் ஜார்ஜ்டவுனில், வெல்ட் கீ கரையோரத்தில் மூட்டை தூக்கியவர். அவர் காலத்தில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; தொங்கான் எனும் சரக்குப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். கோணியானால் கை அரிக்கும், சிமெண்டானால் மூச்சு அடைக்கும், ரப்பர் பொதியானால் அதன் புகை நாற்றம் சட்டையைவிட்டுப் போகாது. பெட்டியின் மேல் எந்த ஊர், யாருக்கு, என்ன பொருள் என்று மை தடவி அச்சிட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் குறிகளை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். இன்று என் கண்ணுக்குக் கிடைப்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஒரு கொள்கலன் எண், கதவில் ஒரு முத்திரைப் பூட்டு, அவ்வளவுதான். முத்திரை எண் சரியாக இருக்கிறதா, பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது என் வேலை அல்ல.

இந்தச் சீட்டு விஷயத்துக்கு மிகப் பழைய உதாரணம் லண்டனில் இருக்கிறது. 1920 மே 10 அன்று கிழக்கிந்தியத் துறையில் நின்ற ஜாலி ஜார்ஜ் என்ற கப்பலில் சரக்கு ஏற்றத் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். புரட்சி நடந்த ரஷ்யாவோடு அப்போது போலந்து போரிட்டுக்கொண்டிருந்தது. பெட்டிகளின் மேல் மன்னர் அரசின் பணிக்கென்றும், போலந்துக்கான வெடிபொருள் என்றும் பச்சையாக எழுதியிருந்தது. கரி அள்ளுபவர்களும் சேர்ந்துகொண்டு கப்பலுக்குக் கரி போட மறுத்தார்கள். அரசு பின்வாங்கியது, ஆயுதங்கள் இறக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யா மேல் போர் தொடுத்தால் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடக்கும் என்று பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் எச்சரிக்கும் அளவுக்கு விஷயம் வளர்ந்தது. அந்தத் தொழிலாளர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, சங்கத்தின் சார்பில் துணிந்து பேசியவர் ஏர்னஸ்ட் பெவின்.

இந்தப் பெயரை மலாயாத் தமிழன் ஒருவன் எளிதில் தாண்டிப் போக முடியாது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே பெவின் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசில் வெளியுறவு அமைச்சர். அவர் பதவியில் இருந்தபோதுதான் பிரிட்டன் தன் இந்தியப் படைகளை ஜாவாவுக்கு அனுப்பியது. 49ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் 1945 அக்டோபர் 25 அன்று சுரபாயாவில் இறங்கியது. ஐந்து நாள் கழித்து அதன் தளபதி மல்லபி அங்கே கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று ஐந்தாவது இந்திய டிவிஷன் அந்நகரைத் தாக்கியது. அந்த நாளைத்தான் இந்தோனேசியா இன்றும் வீரர்கள் நாளாகக் கொண்டாடுகிறது. ஐந்தாவது டிவிஷன் சில வாரங்களுக்கு முன்புவரை சிங்கப்பூரில் இருந்த படை. ஆக, ஒரே துறைமுகத்தில், ஒரே மாதங்களில், ஒருபுறம் இந்தியத் தொழிலாளி ஆயுதம் ஏற்ற மறுக்கிறான். மறுபுறம் இந்தியச் சிப்பாய் ஆயுதத்தோடு ஏறுகிறான். சுரபாயாவில் சண்டையிடப் போன இந்தியச் சிப்பாய்களில் நூற்றுக்கணக்கானோர் பிறகு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரு அப்போதே இந்தியப் படைகளை இப்படிப் பயன்படுத்துவதைக் கண்டித்தார்.

சிட்னியில் அதே காலத்தில் நடந்தது இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் 1945 செப்டம்பரிலிருந்து டச்சுக் கப்பல்களைப் புறக்கணித்தார்கள். டச்சுக்காரர்கள் இந்திய மாலுமிகளை ஏற்றிப் பார்த்தார்கள். பட்ராஸ் என்ற கப்பல் இந்திய மாலுமிகளோடு துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டபோது, சங்கத்து ஆட்கள் சிறு படகில் துரத்திக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் அவர்களுடைய மொழியில் பேசினார்கள். கொதிகலனுக்குக் கரி போடுவதை மாலுமிகள் நிறுத்திவிட்டார்கள். ஆவி இல்லாமல் கப்பல் திரும்பிவர வேண்டியதாயிற்று. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் வெளியூரில், கூலி இல்லாமல், ஊருக்குத் திரும்பும் வழியும் தெரியாமல் இதைச் செய்தார்கள்.

இப்படிப்பட்ட மறுப்புகள் வென்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் நேரடியாக வெல்லவில்லை என்றே சொல்ல வேண்டும். 1937இல் ஜப்பான் சீனாமேல் படையெடுத்தபோது, மலாயாவில், திரெங்கானுவின் டுங்குனில் ஜப்பானியர் நடத்திய புக்கிட் பெசி இரும்புச் சுரங்கத்திலிருந்து சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். தாங்கள் வெட்டும் இரும்புக்கல் ஜப்பானுக்குத்தான் போகிறது, அங்கிருந்து எங்கே போகும் என்பதும் தெரியும் என்பதே காரணம். பத்து பஹாட்டிலும் இதே கதை. மறு ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்பிளாவில் துறைமுகத் தொழிலாளர்கள் டல்ஃப்ராம் என்ற கப்பலில் ஜப்பானுக்குப் போகவிருந்த கச்சா இரும்பை ஏற்ற மறுத்து ஏறத்தாழ பத்து வாரம் வெளியே நின்றார்கள். உருக்காலை நிறுவனம் ஆலையை மூடியதில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கடைசியில் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அதே இரும்பை அவர்களே ஏற்றவும் செய்தார்கள். டுங்குனிலும் சுரங்கம் நின்றுபோய்விடவில்லை. மாற்று ஆட்களைத் தேடிக்கொண்டார்கள். எந்த இரும்பு எந்தக் குண்டாயிற்று என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் சொன்னது நம் ஊருக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

போர்ட் கெம்பிளாவில் தொழிலாளர்களைச் சட்டம் காட்டி மிரட்டிய அமைச்சர் ராபர்ட் மென்சிஸ். அந்தத் தகராறிலிருந்து அவருக்குக் கச்சா இரும்பு பாப் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகவில்லை. அவர் பின்னர் பிரதமராகி, 1955இல் ஆஸ்திரேலியக் காலாட்படையை மலாயாவுக்கு அனுப்பினார். அந்தப் படை வந்து இறங்கியது பினாங்கில்தான். தங்கியது மிண்டன் முகாமில். இன்று அங்கே அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். மலாயாவுக்குப் படை அனுப்புவதை எதிர்த்து அதே ஆண்டு மார்ச்சில் ஹோபார்ட்டில் கூடிய ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி மாநாடு முடிவெடுத்தது. தொழிற்சங்கங்களின் தோள்மேல் கட்டப்பட்ட கட்சி அது.

நாம் இந்தக் கதையில் எப்போதும் கரையில் நின்று அடுத்தவன் போரைப் பார்த்தவர்கள் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலம் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வெளிநாட்டு இராணுவ நடவடிக்கை. நமக்கு அது வீட்டுக்குள் நடந்தது. அதற்குச் சற்று முன்பாக, 1948 ஜூனில், சங்கச் சட்டத்தைத் திருத்தி அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மண்ணிலிருந்து வந்தவர், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதியைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றும் பயனில்லை. புடு சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி. கோலாலம்பூருக்குப் போனால் உறவினர்கள் சாப்பிட அங்கே அழைத்துப் போகிறார்கள், நானும் போகிறேன்.

இந்தக் காலம் முழுவதும் பிரிட்டிஷ் தொழிற்சங்கத் தலைமை தன் அரசின் பக்கமே நின்றது. மலாயாச் சங்கங்களைப் பார்வையிட்டு அறிக்கை தர 1948இல் அனுப்பப்பட்ட அவ்பரி, டாலி இருவரும் தொழிற்சங்கவாதிகள்தான். அரசியல் கலக்காத, பொறுப்புள்ள சங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவே அவர்கள் வந்தார்கள். ஜாலி ஜார்ஜ் கப்பலைத் தடுத்தவர்களின் வாரிசுகள் மலாயாவுக்குப் போன கப்பல்களைத் தடுக்கவில்லை. என்னுடைய கணிப்பில் இதற்குக் காரணம் கோழைத்தனமோ துரோகமோ அல்ல. அரசு அவர்களுடையதாக ஆகிவிட்டது, அவ்வளவுதான். தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது தன் நாட்டுப் போரை எதிர்ப்பதைவிடக் கடினமான வேலை தொழிற்சங்கத்துக்கு வேறு இல்லை. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. தொழிற்சங்கச் சம்மேளனம் ஜார்ஜ் மீனியின் தலைமையில் போரை ஆதரித்தே நின்றது. ஆஸ்திரேலியாவிலோ 1967இல் பூனாரு கப்பலில் வியட்நாமுக்கு வெடிகுண்டு கொண்டுபோக மாலுமிகள் சங்கம் மறுத்ததால், அரசு அந்தக் கப்பலையே கடற்படையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஈராக் போரில்தான் இந்தப் பழைய வழக்கம் சற்று உடைந்தது. 2003 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் இரண்டு ரயில் ஓட்டுநர்கள் வெடிமருந்து ஏற்றிய சரக்கு ரயிலை ஓட்ட மறுத்தார்கள். பிரிட்டனில் அப்போதும் ஆட்சி தொழிற்கட்சியினுடையதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பிப்ரவரியில் இத்தாலிய ரயில்வே தொழிலாளர்கள், விசென்சாவிலிருந்து பீசா அருகிலுள்ள அமெரிக்க முகாமுக்குப் போன இராணுவ ரயில்கள் எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கடக்கின்றன என்று வெளியே சொல்ல, மக்கள் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் போருக்கு எதிரான தொழிலாளர் அமைப்பொன்று 2003 ஜனவரியில் சிகாகோவில் தொடங்கி, 2005இல் ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. மாநாடே படைகளை விரைவில் திருப்பி அழைக்கக் கோரும் தீர்மானத்தை ஏற்கும்வரை உள்ளிருந்தே வேலை செய்தது. 2008 மே தினத்தன்று அமெரிக்க மேற்குக் கடற்கரையின் 29 துறைமுகங்களிலும் ஐ.எல்.டபிள்யூ.யூ. என்ற துறைமுகத் தொழிலாளர் சங்கத்தினர் பகல் முறை வேலையை நிறுத்தினார்கள்; ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்திலும் தொழிலாளர்கள் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த ஈராக்கியத் தொழிலாளர்கள் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பொதுத்துறையில் சங்கம் கூடாது என்று 1987இல் சதாம் உசேன் 150ஆவது சட்டத்தைக் கொண்டுவந்தார். சர்வாதிகாரியை அகற்ற வந்ததாகச் சொன்ன ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவருடைய எத்தனையோ சட்டங்களை ரத்துசெய்தது. இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. பாஸ்ராவின் எண்ணெய்த் தொழிலாளர்கள் சட்டத்தின் அங்கீகாரம் இல்லாமலே சங்கம் நடத்தினார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் கிளைக் கூட்டத்தில் காசாவைப் பற்றித் தீர்மானம் ஒன்று வந்தது. கடைவீட்டு மாடியில் எங்கள் கூட்டம். மின்விசிறி ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் கரிப்பாப் பலகாரத் தட்டு காலியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர், நல்ல உழைப்பாளி, எழுந்து நின்றார்.

“அண்ணே, நம்ம ஓவர்டைம் காசே மூணு மாசமா இழுத்துக்கிட்டு இருக்குது. அதுக்கு ஒரு கடுதாசி எழுத வழி இல்ல. இதுல போய் காசா, யேமன்னு பேசிக்கிட்டு இருந்தா வீட்டுல கேக்க மாட்டாங்களா?”

கிளைத் தலைவர் பதில் சொல்வதற்கு முன்பே, ஓய்வுபெற்ற பிறகும் எல்லாக் கூட்டத்துக்கும் வரும் கிரேன் ஓட்டுநர் ஒருவர் முந்திக்கொண்டார். “தம்பி, ஓ.டி. காசும் கேப்போம். ஆனா பாரு, இந்தத் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டா யாருக்காச்சும் வேல போவுமா? போவாது. கெவர்மெண்டே இதத்தான சொல்லுது. செலவு இல்லாத வீரம்டா இது.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெரியவர் சொன்னதுதான் சரி என்று நான் அன்றே நினைத்தேன். மலேசியாவில் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுப்பது அரசுக்கு எதிராகப் போவது இல்லை, அரசோடு போவது. 2023 டிசம்பர் 20 அன்று இஸ்ரேலின் சிம் நிறுவனக் கப்பல்கள் நம் துறைமுகங்களில் நிற்கக் கூடாது என்று பிரதமரே அறிவித்தார். 2002இல் அமைச்சரவை கொடுத்த அனுமதியை அமைச்சரவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்ல முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களின் கயிற்றைக் கட்டியவர்களும் அவிழ்த்தவர்களும் அனுமதி கொடுத்தபோதும் கேட்கப்படவில்லை, எடுத்தபோதும் கேட்கப்படவில்லை. தஞ்சோங் பகார் தொழிலாளர்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

சட்டமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நம் நாட்டில் வேலைநிறுத்தம் என்பது தொழிலாளிக்கும் அவனுடைய முதலாளிக்கும் இடையிலான தொழில் தகராறைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டின் தொழில்துறை உறவுச் சட்டத்தில் துறைமுகம் அத்தியாவசியச் சேவை. இரகசிய வாக்கெடுப்பு, 21 நாள் முன்னறிவிப்பு எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்பினாலும், அமைச்சர் விவகாரத்தைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அத்தோடு வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கப் பணத்தை அரசியல் நோக்கத்துக்குச் செலவிட 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இடம் தருவதில்லை. யேமனுக்கோ காசாவுக்கோ போகும் ஒரு பெட்டியை நான் எண்ண மறுத்தால் அது என் சொந்த ஒழுங்கீனம்; விசாரணைக் கடிதம் என் பெயருக்குத்தான் வரும். சொல்லுவதற்குச் சுதந்திரம், செய்வதற்குப் பூட்டு. இந்தப் பூட்டைச் செய்தவர்கள் 1948இல் வந்த ஆங்கிலேயர்கள் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்கள் நாம்தான்.

சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவிலுள்ள பள்ளத்தை இந்தியாவிலும் பார்த்தோம். 2024 பிப்ரவரி 14 அன்று இந்திய நீர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 தொழிலாளர்கள் அதன் உறுப்பினர்கள். செய்தியைப் படித்து நான் மகிழ்ந்துபோனேன். மே மாதத்தில் மரியான் டேனிகா என்ற கப்பல் ஸ்பெயினில் நிற்க அனுமதி கேட்டபோது அந்நாட்டு அரசு மறுத்தது. ஏறத்தாழ 27 டன் வெடிபொருளோடு அது ஹைஃபாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பல் கிளம்பியது சென்னையிலிருந்து. அறிவிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். மூடிய பெட்டிகளும், ஒப்பந்த ஆட்களும், தனியார் முனையங்களும் நிறைந்த இன்றைய துறைமுகத்தில் 3,500 பேரின் மனசாட்சியைச் சுற்றிக்கொண்டு போக எத்தனை வழிகள் வேண்டுமானாலும் இருக்கின்றன என்றே சொல்வேன்.

இதற்கு விடை தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஜெனோவாத் துறைமுகத்தினர். 2019 மே மாதத்தில் பஹ்ரி யான்பு என்ற சவூதிக் கப்பல் அங்கே வந்தது. யேமன் போர் நடந்துகொண்டிருந்தது. ஏற்றவேண்டிய சரக்கு துப்பாக்கியோ குண்டோ அல்ல, மின்னாக்கிகள் (ஜெனரேட்டர்கள்). ஏட்டில் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், கல்யாண மண்டபத்துக்கும் போகலாம். தொழிலாளர்கள் அவை இராணுவப் பயன்பாட்டுக்குப் போகின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு ஏற்ற மறுத்தார்கள். கப்பல் அவற்றை விட்டுவிட்டுத்தான் போயிற்று. அவர்களுக்குக் கைப்பிடியாக ஒரு சட்டம் இருந்தது: போரில் இருக்கும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் 1990ஆம் ஆண்டின் 185ஆவது இத்தாலியச் சட்டம். நாங்கள் சட்டத்தை மீறவில்லை, அரசுதான் மீறுகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அந்தச் சிறு குழு ஆண்டுக்கணக்கில் செய்த வேலை பிறகு பெரிதாக வளர்ந்து, 2025 செப்டம்பர் 22 அன்றும் அக்டோபர் 3 அன்றும் இத்தாலி முழுவதும் காசாவுக்காக நடந்த பொது வேலைநிறுத்தங்களில் வந்து நின்றது. அந்த ஆண்டு ஜூனில் மார்செய் அருகே ஃபோஸ் துறைமுகத்தில் இயந்திரத் துப்பாக்கிக்கான உதிரிபாகப் பெட்டியைப் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தனியே எடுத்து ஓரமாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் முதல் வேலை ஒன்றேதான்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

பினாங்கில் இந்தக் கேள்வி துறைமுகத்தைவிடப் பாயான் லெப்பாஸில்தான் கனமானது. 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரம் இன்று மின்னணுச் சில்லுகளின் ஊர். உலகில் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு இந்தத் தீவிலும் எதிர்க்கரையிலும். என் தங்கை அங்கே ஒரு ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். விரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புத் துண்டு; உருப்பெருக்கியில் வைத்தால் முதுகில் தொகுதி எண்ணும் மலேசியா என்ற பெயரும் தெரியும். அது சலவை இயந்திரத்துக்குப் போகிறதா, ஏவுகணைக்குப் போகிறதா என்பது அவளுக்கும் தெரியாது, அவளுடைய மேலாளருக்கும் தெரியாது. உக்ரேனில் விழுந்த ரஷ்ய ஆயுதங்களைப் பிரித்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2022இல் குறைந்தது 450 வகை வெளிநாட்டு மின்னணுப் பாகங்களைக் கண்டார்கள். அவற்றில் பல யாரிடமும் வாங்கக்கூடிய சாதாரணச் சரக்கு. ஜெனோவாவின் மின்னாக்கிக்காவது போய்ச் சேரும் முகவரி இருந்தது. சில்லுக்கு அதுவும் கிடையாது.

அதிலும், இந்தத் தொழிலாளர்களுக்குத்தான் சங்கமே கடைசியாக வந்தது. 1988 வரை மின்னணு ஆலைகளில் சங்கத்துக்கு அனுமதி இல்லை. பிறகும் அந்தந்த ஆலைக்குள் மட்டும் என்றார்கள். வட்டார அளவில் சங்கம் அமைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆகவே போருக்கு மிக அருகில் கை இருப்பவர்களுக்குச் சங்கம் மெலிவு. சங்கம் உரமாக இருக்கும் மற்றத் துறைகளிலோ தீர்மானம் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மின்னணுத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்க்கும் வேலைக்கு எந்தத் தேசியச் சங்கம் தன் பணத்தையும் ஆட்களையும் கொடுக்கிறதோ, அதுவே என் கணக்கில் காசாவுக்காகவும் உக்ரேனுக்காகவும் யேமனுக்காகவும் உண்மையில் ஏதோ செய்கிற சங்கம். அதன் ஆண்டறிக்கையில் பாலஸ்தீனம் என்ற பெயர் வராவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

எங்கள் கிளையில் இப்போது முயன்று பார்ப்பது மிகச் சிறிய காரியம். வெடிபொருளை ஏற்றும் கொள்கலனில் முதலாம் வகுப்பு என்ற ஆரஞ்சு நிறச் சாய்சதுரச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அனைத்துலகக் கடல் விதி. என்ன கையாளுகிறோம் என்று தெரிந்துகொள்ளத் தொழிலாளிக்கு இருக்கும் உரிமை தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அச்சட்டத்துக்குச் செய்யப்பட்டு 2024 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்தால் விலகி நிற்கவும் தொழிலாளிக்கு இடம் தருகிறது. எனவே, முதலாம் வகுப்புச் சரக்கு எந்தக் கப்பலில், எந்த நாளில் வருகிறது, எங்கே போகிறது என்பதை அதைக் கையாளப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று நிர்வாகத்தோடு உள்ள பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மூன்று வரிக் கடிதம். போய்ச் சேரும் இடத்தை ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார். பதிலைப் பேசி வைத்திருக்கிறோம். பாதுகாப்புக்காக என்றுதான் சொல்லப்போகிறோம், அது பொய்யும் அல்ல.